பாதி சீசன் முடிந்தது, தம்பி

கேன்டன், மிஷிகன்
22 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். வாட்ஸ்ஆப்பில் நீளமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் மெயில். நம் மிஷிகன் யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீமின் ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பயப்படாதே.

சனிக்கிழமை இலினாய் டீமிடம் 21-7 என்று தோற்றோம். பார்த்தாயா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஆட்டக்காரர் ரெட் கிரேஞ்ச் நம்மை ஓட ஓட விரட்டின அதே மைதானத்தில், அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போனார்கள். அப்பா மூன்றாவது குவார்ட்டரிலேயே எழுந்து இலை கூட்டப் போய்விட்டார். ஜனவரியில் ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று முடித்து, பதினைந்து ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பையை வாங்கிய டீம், இப்போது ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிப்பு, மூணு தோல்வி.

ஆனால் அப்பா சொல்வதுபோல் பையன்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். கோச் ஹார்பா சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை டீமுக்குப் போனார். மெக்கார்த்தி, கோரம் என்று 13 பேரை ஒரே வருஷத்தில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் பாதி சாமான் போனபிறகு விருந்து வை என்றால் எப்படி? எனக்குக் கோபமெல்லாம் ஒன்றில்தான். பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற நல்ல குவார்ட்டர்பேக் நமக்கு இல்லையென்று. ஏப்ரலில், காலேஜ் மாறுகிற ஆட்டக்காரர்களுக்கான டிரான்ஸ்பர் போர்ட்டல் திறந்தபோதாவது அனுபவமுள்ள ஒருவனைக் கூட்டிவந்திருக்கவேண்டாமா? இருக்கிறவர்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று புதுக் கோச் மூர் நினைத்துவிட்டார். நல்ல மனுஷர்தான். போன வருஷம் பென் ஸ்டேட்டில் ஹார்பாவுக்குப் பதிலாக நின்று ஜெயித்துவிட்டு, மைக் முன்னால் அழுதாரே, அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த ஆட்டத்தில் கடைசி 32 முறையும் பந்தை ஓடியே நகர்த்தினதை மனதில் வைத்துக்கொண்டு எல்லா ஆட்டத்தையும் ஓடியே ஜெயிக்கலாம் என்று இருந்தால் நடக்குமா?

குவார்ட்டர்பேக்காக முதலில் வாரன். டெக்சஸ் நம் ஊருக்கே வந்து 31-12 என்று அடித்தபோது, உள்ளூரில் தொடர்ந்து ஜெயித்த 23 ஆட்டக் கணக்கும் போயிற்று. அடுத்த வாரம் ஆர்கன்சா ஸ்டேட்டுக்கு எதிராக மூன்று இன்டர்செப்ஷன், எறிந்த பந்து எதிராளி கைக்கே போயிற்று, அவனை உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் ஓர்ஜி. எருமை பலம், ஓடினால் பிடிக்க முடியாது. ஆனால் எறியமாட்டான் என்று எதிராளிக்குத் தெரிந்துபோய், எட்டுப் பேர் முன்னால் வந்து நின்றுகொண்டால் என்ன செய்வான் பாவம்? யு.எஸ்.சி. ஆட்டம் முழுவதிலும் அவன் எறிந்து கிடைத்தது 32 யார்டு. அதை ஜெயித்ததெல்லாம் மல்லிங்ஸ் புண்ணியம். டிஃபென்ஸில் லைன்பேக்கராக வந்த பையன்! அந்த 63 யார்டு ஓட்டத்தில் நடுவில் கொத்தாகப் பிடித்தார்கள், ஆட்டம் அவ்வளவுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன், திறந்து பார்த்தால் அந்தப் பக்கமாக வெளியே வந்து ஓடிக்கொண்டிருக்கிறான். கடைசியில் 37 செகண்ட் இருக்கும்போது நாலாவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், ஒரே ஒரு யார்டு, அவனே நுழைந்தான். அன்று ராத்திரி நீ போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினாய். மூச்சு வாங்கப் பேசினாய். அதுதான் நீ கடைசியாக நன்றாகப் பேசியது.

மின்னசோட்டா ஆட்டத்தைச் சொல்லவே வேண்டாம். 24-3 என்று இருந்ததை 27-24 வரை இழுத்துக்கொண்டுபோய், நடுவர் காட்டிய ஒரு ஆஃப்சைடு கொடியால் தப்பித்தோம். அதற்கு நீ அனுப்பியது ஒரே ஒரு சிரிப்பு பொம்மை.

அப்புறம் சியாட்டிலில் வாஷிங்டனோடு ஆட்டம். உன் ஊர். ஆகஸ்டிலேயே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாயே. கேமரா மஞ்சள் சட்டைக்காரர்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் ஆட்டத்தை விட்டுவிட்டு முகம் முகமாகத் தேடினேன். 14-0 பின்தங்கி, 17-14 என்று மேலே வந்து, கடைசியில் 27-17 தோல்வி. மறுநாள் கேட்டால், "போகலம்மா, வேலை இருந்தது" என்றாய். சனிக்கிழமை சாயங்காலம் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

கொலுவுக்கு வந்த உன் பழைய பாட்டு டீச்சர், "சியாட்டில்ல இப்பல்லாம் எப்படி இருக்காம்?" என்று கேட்டுவிட்டு, சுண்டலைச் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவங்க மருமகனும் உங்கள் கட்டடத்தில்தானே இருக்கிறார். மழை அதிகம் என்றேன்.

பல்லை டாக்டரிடம் காட்டிவிட்டாயா? அந்தக் கடைவாய்ப் பல். இந்த மாதத்துக்குள் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடி பவரும் பார்த்துவிடு.

இந்த சனிக்கிழமை மிஷிகன் ஸ்டேட். உனக்கு 2015 ஞாபகம் வராமல் இருக்காது. எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. 23-21, பத்து செகண்ட் பாக்கி, பந்தை உதைத்துவிட்டால் போதும். அது நம் ஓ'நீல் கையில் நிற்காமல் நழுவி, அவர்கள் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடி, 27-23. ஓடி முடித்தவனுக்கு இடுப்பு எலும்பு விலகிவிட்டது, நம் பையனுக்கு ஊரே வசவு. விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்ட ஹாக்கெட், பிள்ளையைத் திட்டாதீர்கள் என்று ஊருக்கே கடிதம் எழுதவேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவன் அம்மாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் உன்னிடம் சொன்னபோது, "அம்மா, இப்ப இதைப் பேசாதே" என்று போனை வைத்தாய். ஹாஸ்டலில் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை நீ. ஆனால் அன்றைக்கு நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வருஷமே அப்பா கண் ஆபரேஷனுக்கு, நாங்கள் கேட்காமலே பணம் அனுப்பின பிள்ளை நீ. அதை இன்றைக்கும் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளை அப்பா கூப்பிட்டால் எடுக்கவேண்டாமா? நாலு முறை அடித்து வைத்துவிட்டு, "பிஸியா இருப்பான்" என்று எனக்கு அவரே சமாதானம் சொல்கிறார். மனுஷருக்கு ஒரு வார்த்தை பேசு. ஆட்டத்தையாவது பேசு.

ஓர்ஜிக்கு அப்புறம் குவார்ட்டர்பேக்காக வந்த டட்டில் நேற்று ஆட்டத்தை விட்டே விலகுவதாகச் சொல்லிவிட்டான், தெரியுமா? ஏழாவது வருஷம் காலேஜில் ஆடுகிறவன். தலையில் அஞ்சாவது முறை அடியாம். இனி வேண்டாம் என்று முடிவெடுத்ததில் எனக்கு நிம்மதிதான். ஆக, திரும்பவும் வாரன்தான் வருவான் போலிருக்கிறது. நீ அவனை எப்போதும் கிண்டல் செய்வாய், எனக்கு மனசு ஆகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரத்தப் புற்றுநோய் வந்து, அதிலிருந்து மீண்டு, ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் டீமுக்குள் வந்தவன். எடுத்துவிட்டார்கள் என்றால் எடுத்துவிட்டார்கள், அதில் என்ன அவமானம்? பந்தைப் பிடிக்கிற லவ்லண்டுக்கு நடுவில் குட்டிக் குட்டியாக எறிந்தாலே போதும், ஓட்டத்துக்கு வழி திறக்கும். மூருக்கு இதை யார் சொல்வது?

டிஃபென்ஸில் கிரஹாமும் கிராண்டும் நடுவில் நிற்கிறவரை எனக்குப் பயமில்லை. வில் ஜான்சனுக்கு இலினாயில் காலில் அடிபட்டதுதான் கவலை. ஃப்ரெஸ்னோ ஆட்டத்தில் 86 யார்டு, யு.எஸ்.சி.க்கு எதிராக 42 யார்டு என்று பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினானே, அவன் இல்லாமல் ஆரிகனை நிறுத்துவது கஷ்டம். என் கணக்கு: மிஷிகன் ஸ்டேட்டும் நார்த்வெஸ்டர்னும் ஜெயித்தால் ஆறு, சீசன் முடிந்ததும் ஒரு பௌல் ஆட்டம் உண்டு. இண்டியானா இந்த வருஷம் வேறு டீம், ஏழுக்கு ஏழு. ஓஹயோவைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், கண் பட்டுவிடும்.

அக்காவுக்கு வளைகாப்பு தேதி குறித்தாயிற்று, அவளே சொல்லுவாள். தீபாவளி அடுத்த வியாழன். முள்ளு முறுக்கும் லேகியமும் நாளை பார்சல் போடுகிறேன். அதே அட்ரஸ்தானே? மாறியிருந்தால் சொல்லு, திரும்பி வந்துவிடப் போகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் லேகியம், ஞாபகம் வை. பல்லையும் காட்டிவிடு.

சனிக்கிழமை ஆட்டம் எங்களுக்கு ராத்திரி ஏழரை, உனக்கு நாலரை. முதல் குவார்ட்டர் முடிந்ததும் அப்பா கூப்பிடுவார், எடு.

தேங்க்ஸ்கிவிங்குக்கு அப்பாவிடம் மைல்ஸ் நிறைய சேர்ந்து கிடக்கிறது. அந்த சனிக்கிழமைதான் ஓஹயோ ஆட்டம், இங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். டிக்கெட்டை நானே போட்டுவிடுகிறேன். உன் ரூமைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன், தையல் மெஷினைக் கீழே இறக்கியாயிற்று. போக வர இரண்டுக்கும் போடவா, இல்லை வருவதற்கு மட்டும் போதுமா என்று சொன்னால் போதும், வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

அம்மா