எவர் திருத்தந்தை என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள்: ஆயர் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்திற்குரிய ஆயர் ஆண்டகைகளுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

2013-இல் திருத்தந்தை (போப்பாண்டவர்) பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகிய நாளிலிருந்து, உண்மையான திருத்தந்தை யார் என்ற கேள்வி எங்கள் குடும்பங்களுக்குள் எப்படிப் புகுந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த விலகலே செல்லாது என்பவர்கள் ஒரு பக்கம். 1958-இல் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததோடு பேதுருவின் இருக்கை, அதாவது திருத்தந்தைப் பதவி, காலியாகிவிட்டது என்பவர்கள் இன்னொரு பக்கம். 2025 மே மாதம் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகாவது இது ஓயும் என்று பார்த்தால், 120 பேருக்கு மேல் வாக்களிக்கக் கூடாது என்ற விதி இருக்க 133 கர்தினால்கள் வாக்களித்தது எப்படி என்று அடுத்த வழக்கைத் தொடங்கிவிட்டார்கள்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கேள்விக்குத் திருச்சபையின் பதில் என்ன, அதற்கான காரணம் என்ன, குழப்பத்தில் எங்கோ போய்வந்த ஓர் எளிய விசுவாசி பெற்ற பாவமன்னிப்பு, நோயில்பூசுதல் போன்ற அருட்சாதனங்களின் நிலை என்ன என்பதை எழுதி, கையொப்பமிட்டு, ஞாயிறு திருப்பலியில் வாசிக்கச் செய்யுங்கள்.

இதை இப்போது எழுத வைத்தது என் பெரியம்மாவின் கடைசி வாரம். அவருடைய மூத்த மகன், இன்றைய திருத்தந்தையை ஏற்காமல், திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடும் குருவானவர் ஒருவரின் சிற்றாலயத்துக்குப் போகிறவர். கைப்பிடித்து அழைத்துப் போக வேறு ஆள் இல்லாததால் பெரியம்மாவும் அங்கேயே திருப்பலி கண்டார், அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தார். படுக்கையில் விழுந்ததும் மகள் பங்குத்தந்தையை அழைத்தபோது, அங்கே போனது தவறு என்று குடும்பத்தார் முதலில் எழுதிக் கொடுக்கட்டும், பிறகு வருகிறேன் என்று பதில் வந்தது. சிற்றாலயத்துக் குருவானவரோ, பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசினாலும் அது செல்லாது என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். அண்ணனும் தங்கையும் பக்கத்து அறையில் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். செபமாலையைக் கையில் வைத்திருந்தாலும் பெரியம்மாவால் ஒரு மணியைக்கூட நகர்த்த முடியவில்லை. "அந்தச் சாமியார்கிட்ட சொன்ன பாவமெல்லாம் மன்னிச்சாச்சா, இல்லையா?" என்று உள்ளே வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். இறுதியில் உதவிப் பங்குத்தந்தை ஒருவர் எதையும் கேட்காமல் வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். அதற்குள் பெரியம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

ஆண்டகைகளே, அந்தக் கேள்விக்குத் திருச்சபைச் சட்டத்திலேயே வழி இருந்தது. சாவு ஆபத்தில் இருப்பவருக்கு, அதிகாரம் வழங்கப்படாத குருகூட செல்லத்தக்க விதத்தில் பாவமன்னிப்பு அளிக்கலாம் என்கிறது 976ஆம் சட்டம். பழைய பாவசங்கீர்த்தனம் பற்றிய ஐயம் எதுவாக இருந்தாலும், பேச்சு நிற்பதற்கு முன் வந்திருந்தால் எந்தக் குருவும் அதை ஒரு நிமிடத்தில் தீர்த்து வைத்திருக்கலாம். தக்க மனநிலையோடு முறையாகக் கேட்பவருக்கு, சட்டத் தடை இல்லாதபோது, அருட்சாதனங்களை மறுக்கக் கூடாது என்று 843ஆம் சட்டம் சொல்கிறது. இவை 1983 முதல் அச்சில் இருப்பவை. குருமடத்தில் படித்த இருவருக்கும் இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்தும் ஒரு கிழவியின் பயத்தைத் தங்கள் வழக்குக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள் என்பதை நம்புவது அதைவிடக் கடினமாக இருக்கிறது.

நான் எந்தப் பக்கம் என்று தாங்கள் கேட்கலாம். பதினான்காம் லியோவே திருத்தந்தை என்று ஏற்று, அவர் பெயரைச் சொல்லி மன்றாடுகிறவன் நான். ஆனால் "கீழ்ப்படியுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு என் அண்ணனிடம் வாதாட முடியாது, அவருக்கு வேண்டியது காரணம். காரணங்களோ ஏராளமாக இருக்கின்றன. திருத்தந்தையின் பதவி விலகல் சுதந்திரமாகவும் முறையாகவும் வெளிப்படுத்தப்பட்டால் போதும், அதை எவரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பது 332ஆம் சட்டம். பெனடிக்ட் அதை 2013 பிப்ரவரி 11 அன்று கர்தினால்கள் முன்னிலையில் தம் வாயாலேயே அறிவித்தார். பிப்ரவரி 28 அன்று, தங்களுள் ஒருவராக இருக்கும் வருங்காலத் திருத்தந்தைக்குத் தம் நிபந்தனையற்ற மரியாதையையும் கீழ்ப்படிதலையும் அதே கர்தினால்களிடம் வாக்களித்தார். 133 பேர் விவகாரத்துக்கும் தேர்தலுக்கு முன்பே கர்தினால்கள் அவை விளக்கம் வெளியிட்டது. இவற்றில் ஒன்றைக்கூட நான் எந்த மறையுரையிலும் கேட்டதில்லை. சந்தேகத்தை விதைப்பவர்களோ நாள்தோறும் ஒரு மணி நேரக் காணொளி போடுகிறார்கள், நள்ளிரவில் அழைத்தாலும் தொலைபேசியை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

பிளவுக்கு நான் பரிந்து பேசவில்லை. 1378-இல் ஆறாம் உர்பானைத் தேர்ந்தெடுத்த கர்தினால்களே சில மாதங்களில் ஃபோந்தி நகரில் கூடி ஏழாம் கிளமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1409-இல் பீசாவில் மூன்றாமவரும் வந்தார். 1417-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் ஐந்தாம் மார்ட்டின் தேர்வாகும்வரை கிறிஸ்தவ உலகம் பிளந்து கிடந்தது. இன்றைய நிலை அதுவல்ல, உலகெங்கும் உள்ள ஆயர்கள் ஒரே திருத்தந்தையோடு இருக்கிறார்கள். ஆயினும் அந்தக் காலத்தில் சியன்னாவின் கத்தரீன் உரோமையில் இருந்த உர்பானுக்காகப் போராடினார். வின்சென்ட் பெரரோ ஏழாம் கிளமெண்டின் வழியில் அவிஞ்ஞோனில் இருந்த போட்டித் திருத்தந்தையரை நம்பி, 1416 வரை அவர்களுள் ஒருவரான பதின்மூன்றாம் பெனடிக்டின் பக்கம் நின்றார். திருச்சபை இருவரையுமே புனிதர்களாக உயர்த்தியிருக்கிறது. நல்ல மனத்தோடு தவறிய வின்சென்ட் பெரருக்குப் பீடத்தில் இடம் உண்டு, மகனின் கைப்பிடித்துப் போன பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்தால்தான் எண்ணெயா?

கட்டட நிதிக்கான சுற்றுமடல் மட்டும் ஒரு ஞாயிறும் தவறாமல் வாசிக்கப்படுகிறது. அதில் எழுத்துப்பிழைகூட இருப்பதில்லை. வாகனம் நிறுத்தும் ஒழுங்குக்கு இரண்டு அறிவிப்புகள், நன்கொடையாளர் பெயர்களுக்கு ஒரு தனித் தாள். விசுவாசப் பிரமாணத்தில் "ஏக, பரிசுத்த" என்று சொல்லும் திருச்சபை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் தாளும் கிடைக்கவில்லை, நேரமும் கிடைக்கவில்லை. பொறுத்தருளுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க விசுவாசிகளுக்கு 212ஆம் சட்டம் தரும் உரிமையைக் கொண்டே இதைக் கேட்கிறேன். எங்களுக்குப் பெரிய ஏடு வேண்டாம். அடுத்த ஜூன் 29, புனித பேதுரு பவுல் பெருவிழாவுக்கு முன்பாக, ஒரு பக்கத்தில், பாட்டியும் பேரனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில், பதிலையும் காரணத்தையும் எழுதித் தாருங்கள். கூடவே, சாகும் தறுவாயில் இருப்பவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ எதையும் எழுதி வாங்கக் கூடாது என்று எல்லாப் பங்குத்தந்தையருக்கும் எழுத்தில் அறிவுறுத்துமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். அண்ணன் இன்னும் அந்தச் சிற்றாலயத்துக்குத்தான் போகிறார். தங்கள் மடல் வந்தால் அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கிறிஸ்துவில் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஒரு பொதுநிலை விசுவாசி