நம்பாதவங்களுக்கும் சாவு வீடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஒரு வாசகர் கடிதம் வந்திருந்துச்சு. ஆடி அமாவாசைக்கு கன்னியாகுமரி முக்கடல்ல பலி கொடுக்க வந்த கூட்டத்த பத்தி நல்லா எழுதியிருந்தாரு, ஆனா கடைசில போய், கடவுள நம்பாதவனுக்கு செத்தா போக்கிடம் கிடையாது, நல்லா இருக்கும்போ வாய் பேசுவான், சாகக் கிடக்கும்போ நடுங்குவான், ஆன்மாவுக்கு 21 கிராம் எடை உண்டுன்னு விஞ்ஞானமே நிரூபிச்சாச்சுன்னு முடிச்சிருந்தாரு. அத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. எங்க அப்பா நம்பாதவரு. அவரு சாகும்போ கைய பிடிச்சிட்டு பக்கத்துல இருந்தது நான். அதனால தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடணும்னு கேட்டுக்கிடுறேன்.

நான் தக்கலை பக்கம், 27 வருஷம் நர்ஸ் வேலை பாத்து ரிட்டையர் ஆனவ. எங்க குடும்பத்துல எல்லா வழியும் உண்டு, நம்ம மாவட்டத்துல நிறைய குடும்பம் அப்படித்தான. அப்பாவோட அம்மா அய்யாவழி, அதாவது அய்யா வைகுண்டர கும்பிடுறவங்க, அவங்கள எரிக்கல, வடக்கு பாத்து சம்மணம் போட்டு உக்கார வச்சு அடக்கினோம், தர்ம யுகம் பிறக்கும்போ எழும்பி வருவாங்கன்னு. எங்க அம்மா ஆர்.சி. கிறிஸ்தவங்க, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியும் பூவும் வாங்கிட்டு போகாம இருந்ததே இல்ல. சித்தப்பா வீட்டுல எலும்பு பொறுக்குற சஞ்சயனம், பதினாறாம் நாள் அடியந்திரம்ங்கிற காரியம், வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு குழித்துறை ஆத்துல முன்னோருக்கு வாவுபலி எல்லாம் முறையா நடக்கும். இதுக்கு நடுவுல எங்க அப்பா ஒருத்தர் மட்டும், செத்தா அதோட முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு திரிஞ்சவரு. யாரையும் கேலி பண்ண மாட்டாரு. கோயில் கொடைக்கு வரி கேட்டா கொடுப்பாரு, அம்மாவ கோயிலுக்கு சைக்கிள்ல கொண்டு விடுவாரு, வெளிய நிப்பாரு.

பாட்டா, அதாவது எங்க தாத்தா, பனையேறி. நான் சின்னதா இருக்கும்போ செத்தா உயிர் எங்க போகும்னு கேட்டேன். அதுக்கு அப்பா அக்கானிய, அதான் பதநீர, வச்சு தான் சொல்லிக் கொடுத்தாரு. "மக்ளே, கலயத்துல சுண்ணாம்பு தேச்சா அக்கானி, தேய்க்காம விட்டா புளிச்சு கள்ளு. அந்த போதை பனைக்குள்ள இருந்துச்சா? இல்ல. கலயத்துல இருந்துச்சா? இல்ல. சேர வேண்டியது சேர்ந்தா வருது, அது கெட்டுப் போனா போதையும் போயிரும், எங்கயும் கிளம்பிப் போகாது." அப்போ புரியல. பெரிசான பொறவு தமிழ் வாத்தியாரம்மா ஒருத்தங்க மணிமேகலைல இதே விஷயம் இருக்குன்னு காட்டித் தந்தாங்க. வஞ்சி நகரத்துல பூதவாதின்னு ஒருத்தர் பேசுறாரு, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மத்ததும் சேர்த்தா மதுவுல களிப்பு பிறக்குற மாதிரி நிலம், நீர் மாதிரி பூதங்கள் கூடினா உணர்வு வரும், அது பிரிஞ்சா பறை சத்தம் அடங்குற மாதிரி அடங்கிரும்னு. மணிமேகலை அவர ஏத்துக்கல, பாக்குறத மட்டும் தான் நம்புவேன்னா உன் அப்பா அம்மா இவங்க தான்னு உனக்கு எப்படி தெரியும்னு திருப்பிக் கேக்கா, அதுவும் நல்ல கேள்வி தான். ஆனா பாருங்க, அந்த காலத்துலயே நம்ம மொழில ஒருத்தர் இப்படி சபைல நின்னு பேசியிருக்காரு, இது ஏதோ இங்கிலீஷ் படிச்சு வந்த புத்தி இல்ல.

நம்பாதவங்க எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறாங்கன்னும் எடுத்துக்காதீங்க. படைச்ச கடவுள் இல்லன்னு சொல்ற சமணத்துலயும் பௌத்தத்துலயும் மறுபிறப்பு உண்டு. எனக்குத் தெரியாது, தெரியாததுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்னு நிக்கிறவங்களும் உண்டு. எங்க அப்பா மாதிரி ஆட்கள் தான் முடிஞ்சுதுன்னு சொல்றவங்க. நம்ம பூதப்பாண்டில பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, பகத்சிங் ஜெயில்ல இருந்து எழுதின நாத்திக கட்டுரைய தமிழ்ல கொண்டு வந்தாருல்ல, அந்த சின்ன புத்தகம் அப்பா டிரங்க் பெட்டில இருந்துச்சு. கழுத்துல கயிறு விழுந்து காலுக்கு கீழ பலகை போற அந்த நிமிஷம் தான் எனக்கு கடைசி, அதுக்கு பொறவு ஆன்மான்னு ஒண்ணும் மிஞ்சாதுன்னு அதுல பகத்சிங் எழுதியிருப்பாரு. எழுதினது 1930, தூக்குல போட்டது 1931 மார்ச் 23, வயசு 23. நடுங்குவான்னு எழுதின அந்த வாசகர் இத ஒரு தடவ வாசிக்கணும்.

இனி 21 கிராம். இது வாட்ஸப்ல பல வருஷமா சுத்திட்டு இருக்கு, எனக்கே எத்தனையோ தடவ வந்துட்டு. அமெரிக்காவுல டங்கன் மெக்டூகல்னு ஒரு டாக்டர், சாகக் கிடந்த ஆறு பேர கட்டிலோட தராசுல வச்சு எடை பாத்தாரு, 1907ல வெளியிட்டாரு. ஆறுல ரெண்டு பேரோட கணக்க அவரே சேர்க்கல. அந்த 21 கிராம் ஒரே ஒரு ஆளுக்கு வந்த எண்ணு, மத்தவங்களுக்கு வேற வேற மாதிரி. பொறவு 15 நாய வச்சு பாத்து அதுகளுக்கு எடை குறையலன்னாரு. ஒரு மனுஷனுக்கு பாத்த எடைய வச்சு நிரூபிச்சாச்சுன்னு சொன்னா நாங்க ஒரு காய்ச்சல் மாத்திரை கூட யாருக்கும் கொடுக்க முடியாது. அதே மாதிரி 2022ல இன்னொரு செய்தி வந்துச்சு, 87 வயசு நோயாளி ஒருத்தருக்கு மூளையோட மின் அலைய பதியுற ஈஈஜி ஓடிட்டு இருக்கும்போதே இறந்துட்டாரு, இதயம் நிக்கிறதுக்கு முந்தி 30 செகண்டும் பிந்தி 30 செகண்டும் ஞாபகம் சம்பந்தப்பட்ட அலை மாதிரி தெரிஞ்சுதுன்னு. எனக்கு அத வாசிக்கும்போ உடம்பு சிலிர்த்துச்சு, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். ஆனா அதுவும் ஒரே ஆள் தான், அதுவும் சாகுற மூளையில நடந்தது தான், செத்த பொறவு நடந்தது இல்ல.

எனக்கு தெரிஞ்சத சொல்றேன். இதயம் நின்னு ரத்தம் மூளைக்கு போகலன்னா சில செகண்ட்ல நினைவு போயிரும், சில நிமிஷத்துல மூளை கெட ஆரம்பிச்சிரும். எனக்கே 2011ல கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்துச்சு, மயக்க மருந்து கொடுக்கும்போ டாக்டர் ஏதோ பேசிட்டு இருந்தாங்க, அடுத்தது கண்ணு திறக்கேன், மூணு மணி நேரம் போயிருக்கு. தூங்கின மாதிரி கூட இல்ல. இருட்டு இல்ல, பயம் இல்ல, காத்துக் கிடந்த நினைப்பு கூட இல்ல, அந்த மூணு மணி நேரம் எனக்கு இல்லவே இல்ல. போக்கிடம் இல்லன்னு சொன்னா ஏதோ இருட்டுக் கிணத்துல தனியா கிடந்து அழுற மாதிரி நினைக்கிறாங்க. அழுறதுக்கு ஆளே இல்லங்கிறத தான் நாங்க சொல்றோம். நான் பிறக்குறதுக்கு முந்தின காலம் எனக்கு எப்படி வலிக்கலயோ அதே தான்.

அப்பாவுக்கு ஈரல்ல கேன்சர். ஆஸ்பத்திரில இனி ஒண்ணும் செய்யதுக்கு இல்லன்னுட்டாங்க, வீட்டுக்கு கொண்டு வந்தோம், 11 நாள் இருந்தாரு. வலி இருந்துச்சு, மாத்திரை கொடுத்தா அடங்கும். பயம் இருந்துச்சான்னு நானே கேட்டேன், நர்ஸா இல்ல, மகளா. "வலிக்குமோன்னு பயமா இருக்கு, சாவுக்கு பயம் இல்ல, உங்க அம்மா தனியா ஆயிருவாளேன்னு தான் இருக்கு"ன்னாரு. ஒம்பதாம் நாள் எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வந்தாரு, சாவுக்கு துட்டி கேக்க வர்றதுக்கு முந்தியே வந்த மாதிரி. கட்டில் பக்கத்துல நின்னுட்டு, இப்பயாவது ஒரு வார்த்தை சொல்லும், அங்க போய் தீயில கிடக்கவா போறீர்னு சத்தமா கேட்டாரு. பேச தெம்பு இல்லாத மனுஷன். அப்பா கண்ண மூடிக்கிட்டாரு. அம்மா தான் எழும்பி, தினமும் ஜெபமாலை சொல்ற எங்க அம்மா தான், அவர கைய பிடிச்சு வெளிய கூட்டிட்டு போனாங்க. அத நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. 27 வருஷத்துல எத்தன சாவு பாத்திருப்பேன், சாமி பேர சொல்லிட்டே அமைதியா போனவங்களும் உண்டு, சாமி பேர சொல்லிட்டே பயந்து என் கைய நகம் பதிய பிடிச்சவங்களும் உண்டு, ஒண்ணும் நம்பாம ரெண்டு மாதிரியும் போனவங்க உண்டு. மூச்சுத் திணறல் உள்ளவங்க தான் ரொம்ப பயப்படுவாங்க, அதுக்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தம் இல்ல.

ஆனா எங்க பக்கம் கஷ்டமே இல்லன்னு சொன்னா அது பொய். அம்மா, நான் போய் அவர பாப்பேன்னு சொல்றாங்க, சொல்லும்போ முகத்துல ஒரு தெளிவு வருது. எனக்கு அது இல்ல. எங்க அப்பாவ நான் இனி ஒரு நாளும் பாக்க மாட்டேன். இத எழுதும்போ கூட தொண்டை அடைக்குது. அவர் குரல் என் போன்ல 40 செகண்ட் இருக்கு, காய்கறி வாங்கிட்டு வர சொல்லி பேசினது, அவ்வளவு தான் மிச்சம். நம்பாதவங்களுக்கு துக்கம் இல்லன்னு யாரும் நினைக்க வேண்டாம், திருப்பிக் கிடைக்கும்ங்கிற எண்ணமே இல்லாம தான் நாங்க அழுறோம்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல கடலோட போனவங்க வீட்டு அம்மா ஒருத்தங்க நான் வேலை பாத்த இடத்துக்கு பிரஷர் பாக்க வருவாங்க. மகனோட உடம்பு கிடைக்கல. சாதாரணமா 7 வருஷம் தகவல் இல்லன்னா தான் சட்டம் இறந்ததா எடுக்கும், ஒக்கிக்கு அத தளர்த்தி சீக்கிரமே இறந்தவங்களா அறிவிச்சாங்க, பணமும் வந்துட்டு, ஆனா அந்த அம்மா போட்டோவுக்கு மாலை போடல. என்கிட்ட, சிஸ்டர், அவன் எங்கயாவது இருப்பான்லன்னு கேப்பாங்க. செத்த பொறவான்னு கேக்காங்களா, இல்ல ஏதாவது கரைல உயிரோடயான்னு எனக்கு கடைசி வரைக்கும் புரியல. நான் பேசாம கைய பிடிச்சிட்டு இருப்பேன். எனக்கு தோணுறத அவங்க துக்கத்து மேல கொண்டு வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கு. நான் அந்த வாசகர்கிட்ட கேக்குறதும் இவ்வளவு தான், எங்க கட்டில் பக்கத்துலயும் இதே மாதிரி இருங்க.

அப்பா உடம்ப தானமா எழுதி வச்சிருந்தாரு. இறந்து 6 மணி நேரத்துக்குள்ள கண்ண எடுக்கணும், நான் உடனே போன் பண்ணினேன், வந்து எடுத்துட்டு போனாங்க. பொறவு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு உடம்ப கொடுத்தோம். எழுதி வச்சா மட்டும் போதாது, செத்த பொறவு வீட்டுக்காரங்க சம்மதிச்சு கையெழுத்து போட்டா தான் நடக்கும், போஸ்ட்மார்ட்டம் பண்ணின உடம்ப எடுக்க மாட்டாங்க, இதெல்லாம் ரொம்ப பேருக்கு தெரியல, எழுதி வச்சவங்கள கூட பிள்ளைங்க கடைசில ஊருக்கு பயந்து அடக்கிருறாங்க. எங்க வீட்டுலயும் சித்தப்பா ஒத்துக்கல. அம்மா தான் கையெழுத்து போட்டாங்க. உடம்பு கிளம்புறதுக்கு முந்தி அம்மா ஜெபம் பண்ண ஆசைப்பட்டாங்க, பண்ணினோம், அப்பாவுக்கு அதுல ஒண்ணும் குறைஞ்சிரல.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா கேட்டாங்க, "நான் எங்க போய் பூ வைக்க?"ன்னு. என்கிட்ட பதில் இல்ல. போன நவம்பர் 2க்கு அவங்க அம்மா கல்லறைக்கு போகும்போ ரெண்டு மெழுகுதிரி கொளுத்தினாங்க, ரெண்டாவது யாருக்குன்னு நான் கேக்கல. அம்மாவுக்கு எல்லாம் கோயில் முறைப்படி தான் செய்வேன், அவங்ககிட்ட வாக்கு கொடுத்திருக்கேன். எனக்கு அப்பா மாதிரி தான்னு எழுதி வச்சிருக்கேன், மகன் படிச்சு பாத்துட்டு சாட்சி கையெழுத்து போட்டுட்டான்.

இப்படிக்கு
உங்க வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.