பழைய நாளிதழ்களை எடைக்குப் போடாதீர்கள்: மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். நூலகத்து நாளிதழ் மேசையில் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன். உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே வேண்டுகோள். நூலகங்களுக்கு வரும் எங்கள் மாவட்டப் பதிப்பு நாளிதழ்களைக் கழிவுத் தாளாக விற்பதை நிறுத்துங்கள்.

இதைச் சொல்லவைத்தது ஒரு வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் ஊரில் மின்சாரம் போயிற்று, கைபேசிகளும் ஊமையாயின. தண்ணீர் வடிந்து, வீடுகளில் சேறு வாரிக்கொண்டிருந்தபோது தெரு முழுக்க ஒரே கேள்விதான்: 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? பிள்ளையார் கோயில் படி வரை என்றார் ஒருவர். தபால் நிலையத் திண்ணையே முழுகியது என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு கணக்கு. பொழுது போகாமல் பேசிய பேச்சில்லை அது. வடிகாலை எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது, அடுத்த முறை மக்களை எந்த மேட்டில் தங்கவைப்பது என்று மனு எழுத எங்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது.

நூலகம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். குறிப்பிட்ட காலம் ஆனதும் நாளிதழ்களை எடைக்குப் போட்டுவிடுவோம், பழையவை எதுவும் இல்லை என்றார் நூலகர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு அறை, ஒரே ஆள், புத்தகங்களுக்கே இடம் போதவில்லை. இணையத்தில் தேடினேன். 1992இல் எங்கள் தெருவைப் பற்றி யார் அங்கே ஏற்றியிருக்கப் போகிறார்கள்? அண்மைக் காலத்துக் கதையும் இதுதான். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் படித்துக் குறித்துவைத்திருந்த உள்ளூர்ச் செய்தியின் இணைப்பைத் திறந்தால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வருகிறது.

கடைசியில் கைகொடுத்தவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் ஊருக்குப் பேப்பர் போட்ட ஏஜென்ட் அண்ணாச்சி. ஊர்ப் பெயர் வந்த இதழ்களை மட்டும் தனியே எடுத்து, சணல் கயிற்றால் கட்டி மச்சில் போட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. கட்டைப் பிரித்ததும் ஓரங்கள் அப்பளம்போல உதிர்ந்தன. தாள் வெற்றிலைக் காவி நிறத்துக்கு மாறியிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துகளே இல்லை. ஆனாலும் செய்தி இருந்தது. நடுத்தெருவில் எத்தனையாவது வீடு வரை தண்ணீர் ஏறியது, எந்தப் பள்ளிக்கூடத்தில் மக்கள் தங்கினார்கள், எத்தனை ஆடுமாடுகள் போயின என்று அந்த நிருபர் நடந்து பார்த்து எழுதியிருந்தார். அவர் பெயர் அதில் இல்லை. "நமது நிருபர்" என்று மட்டும் இருந்தது. பிள்ளையார் கோயில்காரரும் தபால் நிலையக்காரரும் அந்தத் தாளைச் சுற்றி நின்று, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார். சண்டை அதோடு முடிந்தது. மனுவோடு அந்தச் செய்தியின் நகலையும் இணைத்தோம்.

அதே கட்டில் வேறு என்னென்னவோ இருந்தன. மூடப்பட்ட தியேட்டரின் விளம்பரம், கண்ணீர் அஞ்சலிப் படங்கள், வாய்க்கால் தூர்வாரக் கோரி விவசாயிகள் நடத்திய மறியல், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் பதிவெண்கள். அந்தக் காலத்தில் தேர்வு முடிவு வரும் நாளில் பேப்பர் கட்டு இறங்கும் பஸ் நிலையத்தில் திருவிழாக் கூட்டம் நிற்கும். என் பதிவெண்ணை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான், யாரோ ஒருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அந்தக் கூட்டம் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் தொழிலை இப்போது அவர் தம்பி மகன் பார்க்கிறான். முன்பு இரண்டு சைக்கிள்களில் கேரியர் வளையக் கொண்டுபோன கட்டு, இன்று ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் கால் வைக்கும் இடத்தில் அடங்கிவிடுகிறது. 2020 மார்ச் ஊரடங்கின்போது, தாளில் நோய் ஒட்டிக்கொண்டு வருமோ என்று பயந்து பேப்பரை நிறுத்தியவர்கள் பலர் பிறகு திரும்பவே இல்லை. தாளின் விலை ஒருபக்கம் நெருக்குகிறது. கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்யத் தொடங்கப்பட்ட புகளூர் ஆலையே இன்று பெரும்பாலும் எழுதுவதற்கும் புத்தகம் அச்சிடுவதற்குமான தாளைத்தான் தயாரிக்கிறது. வெளிநாட்டுத் தாளுக்கு மத்திய அரசு 2019இல் 10 சதவீத சுங்கவரி போட்டு, அடுத்த ஆண்டு 5 சதவீதமாகக் குறைத்தது. வரியைக் குறைத்ததால் மட்டும் வாசகன் திரும்பிவிடுவானா? பக்கங்களைக் குறைக்க வேண்டி வந்தால் எங்கள் ஊர்ச் செய்திக்குத்தான் முதலில் இடம் போகிறது.

அச்சை நிறுத்தாதீர்கள் என்று பத்திரிகை முதலாளிகளிடம் கெஞ்சுவதில் பயனில்லை. அது வரவுசெலவு சம்பந்தப்பட்டது. உங்களிடம் வருவதற்குக் காரணம், இதுவரை அச்சானதைக் காக்கும் கடமையும் அதற்கான பணமும் உங்களிடம் இருப்பதுதான். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாங்கள் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. இது ஊர்க்காசு. அந்த ஊரின் நடப்பு எழுதப்பட்ட தாளைக் காப்பாற்ற அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் தவறாகாது.

சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு நாளிதழ்களின் பிரதிகள் போகின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டம் வெளியீட்டாளர்கள் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி தர வேண்டும் என்கிறது. 1956இல் நாளிதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. நல்ல சட்டம். ஆனால் ஒரே நாளிதழ் பல நகரங்களில் அச்சாகிறது, அதன் உள்பக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னைப் பதிப்பைப் புரட்டினால் எங்கள் நடுத்தெரு அதில் இருக்காது. அப்படியே எல்லாப் பதிப்பும் அங்கே பத்திரமாக இருந்தாலும், ஒரு தெருவின் வெள்ளக் கணக்கைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டர் ரயிலேறிப் போக எத்தனை பேரால் முடியும்?

எங்கள் நிலங்களின் கதையும் இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, முதல் அறிவிக்கையை அந்த வட்டாரத்தில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் இப்படி நாளிதழில்தான் அறிவிப்பு வருகிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, "எங்களுக்கு அறிவிப்பே வரவில்லை" என்று ஒரு விவசாயி சொன்னால், வந்ததா இல்லையா என்று அவர் தன் ஊரிலேயே போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்து நெல்லையில் மூண்ட எழுச்சியைப் பற்றி நூறாண்டு தாண்டியும் எழுத முடிகிறது என்றால், அன்றைய இதழ்களை யாரோ குப்பையில் போடாமல் வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. எல்லாக் கிளை நூலகங்களிலும் வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் அந்த மாவட்டப் பதிப்புகளை, சிறிய உள்ளூர் வார இதழ்களையும் சேர்த்து, மாதத்துக்கு ஒரு தொகுதியாகப் பைண்டு செய்து வையுங்கள். வெயிலும் ஈரமும் படாத அறை வேண்டும், படுக்கை வாட்டில் அடுக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் தாள் தன் கனத்திலேயே கிழியும். மரக்கூழில் செய்த இந்தத் தாளுக்கு ஆயுள் குறைவு என்பதால் காலம் கடத்தாமல் ஸ்கேன் செய்து எடுத்துவிட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அரிய நூல்களையும் இதழ்களையும் இப்படி மின்னூலகத்தில் ஏற்றிவருகிறது, அவர்களோடு பேசுங்கள். வாசகர் வட்டங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தேதிவாரியாக அடுக்கித் தரச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். நானும் வருகிறேன்.

அதற்கு முன் அவசரமாக ஒன்று. அண்ணாச்சி வீட்டில் கீழே இருந்த கட்டுகள் 2023 வெள்ளத்தில் கூழாகிவிட்டன. மச்சில் இன்னும் பதினோரு கட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். எடுத்துக்கொள்ள யாராவது வந்தால் ஒரு காசு வேண்டாம், கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஓர் ஆளை அனுப்பிவையுங்கள். கட்டுகளை இறக்க ஏணி எங்கள் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை வாசகன்