பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைக் கருவிகளையும் மென்பொருள்களையும் செயலிகளையும் வடிவமைப்பவர்களுக்கும், அவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் வார்டில் வேலை செய்யும் செவிலியர். நீங்கள் செய்து அனுப்பும் திரைகளுக்கு முன்னால்தான் என் டியூட்டி நேரத்தில் பெரும்பகுதி போகிறது, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மருந்தளவு மாறிவிட்டது, அலாரத்தைக் கவனிக்கவில்லை, ஒருவருடைய பதிவை இன்னொருவர் பக்கத்தில் போட்டுவிட்டார்கள் என்று எது நடந்தாலும் விசாரணை அறிக்கையின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: ஊழியர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயர் உள்ள இரண்டு மருந்துகள் பட்டியலில் ஏன் அடுத்தடுத்து நின்றன, இரண்டு நோயாளிகளின் பக்கங்களை ஒரே நேரத்தில் ஏன் திறந்துவைக்க முடிந்தது என்று உங்களை யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியைப் பற்றி உங்களில் மென்பொருள் படித்தவர்கள் வகுப்பிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 பேருக்கு அது அளவு மீறிக் கதிர்வீச்சைக் கொடுத்தது, குறைந்தது 3 பேர் இறந்தார்கள். நிரல் பிழை என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், அந்தக் கருவியை இயக்கி இயக்கிக் கை பழகிப்போன ஓர் ஆபரேட்டர், எந்த வகைக் கதிர் என்ற இடத்தில் எக்ஸ்-ரே என்று தவறி அடித்துவிட்ட எழுத்தை மடமடவென்று மேலே போய் எலக்ட்ரான் என்று திருத்தினார், அவர் 8 நொடிக்குள் திருத்தி முடித்துவிட்டதால் கருவி அந்த மாற்றத்தை உள்ளே ஏற்றுக்கொள்ளவே இல்லை, ஆனால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. அப்புறம் 'மால்ஃபங்ஷன் 54', அதாவது கோளாறு 54, என்று ஒரு செய்தி வந்தது. அது எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்குக் கொடுத்திருந்த கையேடு சொல்லவில்லை. இப்படி ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி நிற்பது அந்தக் கருவிக்கு வழக்கம், 'பி' விசையை அழுத்தினால் மறுபடி ஓடும். அவரும் அழுத்தினார். உள்ளே இருந்த நோயாளிமீது இரண்டாவது முறையும் கதிர்வீச்சு பாய்ந்தது. கைவேகம் இல்லாத ஒரு புதியவர் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது! அந்தக் கருவியில் அளவு மீற வாய்ப்பே இல்லை என்றுதான் தயாரித்த நிறுவனம் சொன்னது. பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டியவர்கள் அந்த ஆபரேட்டரும் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும்தான், திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து. இதில் எந்தப் பயிற்சி யாருக்குக் குறைவாக இருந்தது?

பழைய கதை என்பீர்கள். சரி, மானிட்டர் அலாரங்களுக்கு வருவோம். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் அதனிடம் பதிவாகியிருந்தன, அவற்றில் 80 மரணங்கள். ஒலிக்கும் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்றும் அதே எச்சரிக்கை மதிப்பிட்டது. நோயாளி புரண்டு படுத்தாலும் சத்தம், ஒட்டிய இசிஜி பட்டை காய்ந்தாலும் சத்தம், இதயம் நின்றாலும் சத்தம். ஒவ்வொரு கருவிக்காரரும் தன் கருவி ஒன்றை மட்டும் வெறும் அறையில் வைத்துச் சோதித்துவிட்டு அனுப்புகிறார், நாங்கள் அவை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இரவு முழுக்கக் கேட்கிறோம். காது மரத்துப்போவதற்கு அலட்சியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

நன்றாகச் செய்யப்பட்ட வேலையையும் சொல்ல வேண்டும். லூயர் என்ற இணைப்பு முனை பல தலைமுறைகளாக நரம்பூசிக்கும் உணவுக் குழாய்க்கும் முதுகுத்தண்டு ஊசிக்கும் பொதுவாகவே இருந்தது, எதை வேண்டுமானாலும் எதிலும் மாட்டலாம். ரத்தக் குழாயில் மட்டுமே போக வேண்டிய வின்கிரிஸ்டைன் என்ற புற்றுநோய் மருந்து முதுகுத்தண்டுக்குள் போய் உயிர்கள் போயின. சிவப்பு லேபிள் ஒட்டிப் பார்த்தார்கள், சுற்றறிக்கை அனுப்பினார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். அப்படியும் நடந்தது. பிறகுதான் ஐஎஸ்ஓ 80369 என்ற சர்வதேசத் தரநிலை வரிசையில் உணவுக் குழாய்க்கு ஒரு முனை, முதுகுத்தண்டுக்கு வேறொரு முனை என்று 2016இல் தரநிலை வந்தது, தவறான இடத்தில் மாட்ட முயன்றால் பொருந்தாது. களைத்துப்போனவர் கையிலும் பொருந்தாது, அவசரத்திலும் பொருந்தாது. நான் கேட்பது இந்த மாதிரி யோசனையைத்தான்.

நோயாளிகளுக்கான செயலிகளைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். ஓர் ஆள், ஒரு போன், ஒரு கணக்கு என்று நீங்கள் முடிவு கட்டிக்கொண்டு ஆரம்பிக்கிறீர்கள். உண்மையில் கண் மங்கிய தாயின் கணக்கை வேறு ஊரில் இருக்கும் மகள் பார்க்கிறாள், ஓடிபி தாயின் போனுக்குப் போகிறது, தாய் அதைத் தேடி எடுத்து எண்களைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ரிசல்ட் திறந்தால் சிவப்பில் ஓர் எண், அது உடனே டாக்டரிடம் போக வேண்டிய சிவப்பா, அடுத்த முறை வரும்போது சொன்னால் போதுமா என்று ஒரு வார்த்தை இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு அந்த நிறமும் பயன்படாது. வீட்டில் ஒருவரை மாதக்கணக்கில் கவனித்துக்கொண்ட யாரிடமாவது ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும்.

விதிமுறைகள் இல்லாமல் இல்லை. மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்துவோர் தவறில்லாமல் கையாளும்படி வடிவமைப்பதற்கு ஐஇசி 62366 என்ற சர்வதேசத் தரநிலை 2007 முதலே இருக்கிறது. ஆனால் நாங்கள் நாள் முழுக்கப் பதிவு போடும் மென்பொருள் பல நாடுகளில் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை, அதனால் டெமோ அறையில் பளிச்சென்று தெரிவதே விற்பனைக்குப் போதுமானதாகிவிடுகிறது. அந்த அறையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் யாரும் அதில் ஒரு மருந்தைக்கூடப் பதிய வேண்டியவர்கள் இல்லை.

அதனால் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த மென்பொருளை 5, 6 செவிலியர்களிடம் கொடுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல், கற்பனை நோயாளிகளை வைத்து, ஒரு மருந்தை மாற்றவும் ஓர் அளவைத் திருத்தவும் இடையில் போன் வந்தபின் விட்ட இடத்தைப் பிடிக்கவும் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அதைச் சரிசெய்து தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் அடுத்த பதிப்பில் வரும் என்ற பதில்தான் கிடைக்கும். வடிவமைப்பாளர்களே, நீங்கள் வார்டுக்கு வாருங்கள். ஆளில்லாத மதிய நேரத்தில் வேண்டாம், இரவுப் பணி முடிந்து காலைப் பணிக்காரரிடம் ஒப்படைக்கும் நேரத்தில் வந்து ஓரமாக நின்று பாருங்கள். எந்த வாரம் வர முடியும் என்று சொல்லுங்கள், நோயாளிகளிடமும் நிர்வாகத்திடமும் அனுமதி கேட்டுவைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.