குதிகால் கல்

கோயம்புத்தூர்
பிப்ரவரி 24

அன்புள்ள சேவியர்,

திட்டாதே. உன் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. "உயிரோடு இருக்கியா, இல்லை மாலை வாங்கி வைக்கவா?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடு.

ரோஸ்லின் மதினிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? செல்விக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் வாய்தான் இல்லை. மணி மகள் கல்யாணத்துக்கு வர முடியாததற்கு அவனிடம் நீயே ஒரு பொய் சொல்லிவிடு. என்னைவிட நீ நன்றாகச் சொல்வாய், மணப்பாடு விஷயத்திலேயே பார்த்தோமே.

இப்போது விஷயம். அந்தமான் போய்விட்டு வந்தோம். மகளும் மருமகனும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்புறம்தான் எங்களைக் கேட்டார்கள். "உனக்கு ஆயுள் தண்டனை எப்பவோ கொடுத்திருக்கணும்லே" என்று நீ ஆரம்பிப்பாய். அந்த ஜோக்கை மருமகன் விமானத்திலேயே சொல்லிவிட்டார், நீ மிச்சப்படுத்து.

சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். இறங்கும்போது போர்ட் பிளேர், இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம். 2024-ல் மாற்றினார்கள். ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார், அவர் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார். ஹேவ்லாக், நீல், ராஸ் தீவுகள் 2018-லேயே பெயர் மாறியவை. சுவர் முழுக்கப் புதுப் பெயர், வாய் முழுக்கப் பழைய பெயர். நான் பழையதையே எழுதுகிறேன், உனக்கும் அதுதான் புரியும்.

முதல் நாள் செல்லுலார் சிறை. 1906-ல் கட்டி முடித்தது, ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். ஒரு கொட்டகையில் ஆள் செக்கிழுப்பதுபோல் பொம்மை செய்து வைத்திருக்கிறார்கள். வ.உ.சி.யை இங்கே கொண்டுவரவில்லை, கோவையிலும் கண்ணூரிலும்தான் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் தூத்துக்குடிக்காரனுக்குச் செக்கைப் பார்த்தால் கால் நகர மாட்டேன் என்கிறது. பேரன் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தேன். ராஸ் தீவில் வெள்ளைக்காரன் கட்டிய மாளிகைச் சுவர்களை ஆல வேர் கவ்விப் பிடித்திருக்கிறது, இடையில் மான்கள் மேய்கின்றன. ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய மணல். நல்ல மணல்தான், மறுக்கவில்லை. அங்கே போகும் கப்பலில் நான் வாந்தி எடுத்ததை மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லாதே. துறைமுகத்து ஊரில் பிறந்தவன் என்று செல்வி இரண்டு நாள் குத்திக் காட்டினாள்.

இன்னொரு வேடிக்கை, வெயில். கடிகாரம் நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் நம் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. மாலை ஐந்தரைக்கு இறங்கிவிட்டது. ஆறரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குத் தூங்கினோம், பழைய காலத்து ஆஸ்பத்திரி மாதிரி.

நான் எழுத உட்கார்ந்தது நீல் தீவைப் பற்றி. சின்னத் தீவு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களைக் குடியேற்றிய இடம், ஊர்ப் பெயரெல்லாம் ராமாயணம்: ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு ராமாயணம் பார்க்கக் கடல் தாண்டிப் போயிருக்கிறேன் பார். லக்ஷ்மண்பூர் பக்கத்தில் கடலரித்த பாறை ஒன்று பாலம் மாதிரி வளைந்து நிற்கிறது. அங்குள்ள வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். அதைப் பார்க்க எங்கள் ஏஜென்ட் காலை பத்து மணிக்கு நேரம் போட்டிருந்தான். தைப்பூசத்துக்கு மறுநாள், அதாவது பௌர்ணமி ஒட்டு. பத்து மணிக்குக் கடல் முழுக்க ஏறிக் கிடந்தது. பாறைக்குப் போகிற வழியே தண்ணீருக்குள். போனில் கேட்டால், "சார், போட்டோ எடுத்தாச்சுல்ல?" என்கிறான். நம் ஊரில் கடல் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு மீட்டருக்குள்தான், நாம் கவனித்ததுகூட இல்லை. அங்கே பௌர்ணமி, அமாவாசைக்கு இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கரையில் எதைப் பார்க்க வேண்டுமானாலும் கடலைக் கேட்டுத்தான் போக வேண்டும். இது தெரியாதவன் எப்படி ஏஜென்ட் ஆனான்?

சரி என்று மூன்றரை மணிக்கு நாங்களே ஆட்டோ பிடித்துத் திரும்பப் போனோம். காலையில் கடல் இருந்த இடத்தில் கடலே இல்லை. கால் கிலோமீட்டருக்குக் கறுப்பும் பழுப்புமாகப் பாறை, இடையிடையே கண்ணாடி மாதிரி குட்டைகள். வழிகாட்டி ஒரு வங்காளிப் பையன், இருபது வயதிருக்கும். ஒவ்வொரு குட்டையாகக் குனிந்து காட்டினான். கறுத்த கடல் அட்டை, கையைக் கையை நெளிக்கும் நட்சத்திரம், பாறையில் புதைந்த பெரிய சிப்பி ஒன்று. அந்தச் சிப்பியின் உதடு மயில்கழுத்து நிறம். என் தலையின் நிழல் அதன்மேல் விழுந்ததும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. நிழலை விலக்கினால் மெதுவாகத் திறக்கிறது. பேரனும் நானும் ஐந்தாறு தடவை அதையே செய்தோம். செல்வி, "அதுக்கு வேற வேலை இல்லையா, விடுங்க" என்றாள்.

எழுந்து ஒரு அடி பின்னால் வைத்தேன். காலடியில் அச்சு முறுக்கு உடைகிற சத்தம்.

பையன் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை. "ஜிந்தா ஹை" என்றான், உயிரோடு இருக்கிறது என்று. எனக்குத் தெரிந்த ஹிந்திக்கு அந்த இரண்டு வார்த்தை புரிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் தேன் நிறத்தில் கிளை கிளையாக, நுனியில் மட்டும் லேசாக நீலம். நடுவில் என் செருப்பு அளவுக்கு நொறுங்கி, உடைந்த இடமெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை.

அதற்குப் பக்கத்திலேயே உருண்டையாக ஒன்று, ஆட்டுக்கல் உயரம். மேலெல்லாம் பொடிப் பொடியாகத் தேன்கூடு மாதிரி குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு நட்சத்திரம். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சேவியர், அது எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கல்லடா. அம்மா குதிகால் தேய்ப்பாளே, அது. நீயும் நானும் அந்த நட்சத்திரங்களில் ஈர்க்குச்சியை விட்டு அழுக்கெடுத்துக்கொண்டு கிடப்போமே. "ஏல, இது பூவா கல்லா?" என்று நீ கேட்டதற்கு, "கடல்ல முளைக்கிற கல்லு" என்று உங்கப்பா சொன்னார். அன்றைக்கு அவர் நம்மைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

முளைக்கத்தான் செய்கிறது. அன்று ராத்திரி மகள் போனில் படித்துக் காட்டினாள். பவளம் என்பது புள்ளி அளவு உயிர், அதற்கு வாயும் கைகளும் உண்டு, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அதன் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்துச் சோறு போடுவதும் அதுதான், நிறமும் அதுதான். தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 என்று அந்தமானிலும் வெளுத்தது, நம் மன்னார் வளைகுடாவிலும் வெளுத்தது. கிளை ஜாதி வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளருமாம். "நீங்க மிதிச்சது அந்த ஜாதிதான்ப்பா, திரும்ப வந்துடும்" என்று சமாதானம் சொன்னாள். உருண்டை ஜாதி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், பல சமயம் அதுவும் இல்லை. நீயே கணக்குப் போடு. நாம் ஒன்பதாவது படிக்கும்போது உங்கப்பா வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கிய கல்லெல்லாம் அந்த உருண்டை ஜாதி. நம் தாத்தாக்கள் பிறந்த காலத்தில் அவை கடுகளவு இருந்திருக்கும்.

உங்கப்பாவைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பில்தான் எங்கள் வீட்டுச் சுவர் நிற்கிறது, நம் பள்ளிக்கூடத்து மதில்கூட அதுதான். மீன் படாத நாளில் கல் எடுத்தார்கள், அடுப்பு எரிந்தது. அந்த அடுப்பில் நானும் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்! ஆனால் விலாங்குசல்லித் தீவு இன்று தண்ணீருக்குள் போய்விட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு அப்படி. சல்லி, சல்லி என்று தீவுக்குப் பெயர் வைத்தவன், சல்லியை, அதாவது இந்தக் கல்லை, அள்ளினால் தீவு நிற்காது என்று தெரிந்தா வைத்தான்? காரியசல்லியும் வான் தீவும் கரைந்துகொண்டிருப்பதை நீ என்னைவிட அதிகம் பார்த்திருப்பாய். சுனாமி அன்று நம் ஊர் தப்பியதற்கு இந்தத் தீவுகள்தான் காரணம் என்று சந்தைக்குச் சந்தை பேசினோமே. 2001-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்தைப் புலி, யானையோடு சேர்த்து முதல் அட்டவணையில் போட்டுவிட்டார்கள். அப்போதும் நம்மில் ஒருவனுக்கும் அது உயிர் என்று உறைக்கவில்லை.

இதைவிட என்னை அரிக்கிற கேள்வி வேறு. நாங்கள் நின்ற அரை மணியில் அந்தப் பாறைமேல் எழுபது, எண்பது பேர் நடந்தார்கள். ஒவ்வொரு வற்றுக்கும் இப்படித்தான். எல்லாரும் நல்லவர்கள், அழகாக இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். என்னை மாதிரி. உங்கப்பா கடப்பாரையோடு போனார், நான் கேமராவோடு போனேன். பவளத்துக்கு என்ன பெரிய வித்தியாசம்? வண்டூர் பக்கம் ஜாலிபாய் என்று ஒரு தீவு. அங்கே பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது, வருஷத்தில் சில மாதம் அதை மூடிவிட்டு ரெட்ஸ்கின் என்ற இன்னொரு தீவுக்கு அனுப்புகிறார்கள். கண்ணாடி அடித்தட்டுப் படகில் உட்கார்ந்தபடி பார்க்கலாம், கால் படாது. அதுதான் சரியான ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கண்ணாடி வழியாகப் பார்த்ததெல்லாம் டிவி மாதிரிதான் இருந்தது. சிப்பி உதட்டை இழுத்துக்கொண்டதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மிதித்த அதே பத்தடிக்குள். இதை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை, நீ யோசித்து எழுது.

இனிமேல்தான் நீ சிரிக்கப்போகிறாய். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் என் பையை நிறுத்தினார்கள். எக்ஸ்ரேயில் ஏதோ கல். ஆமாம், கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளம், உள்ளங்கை அளவு, நட்சத்திரம் போட்டது. குதிகால் தேய்க்கலாம் என்று நான்தான் எடுத்து, சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். ஜிந்தா ஹை கேட்டுக் கண் கலங்கியவன் செய்த காரியம் இது. அந்தப் பெண் போலீஸ் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை, பக்கத்திலிருந்த தொட்டியைக் காட்டினாள். தொட்டி நிறையச் சங்கு, சிப்பி, கல். போட்டேன். பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை. விமானம் ஏறிய பிறகுதான், "தாத்தா, நீ எடுத்தியா?" என்றான். ஜன்னலைக் காட்டி மேகத்தைப் பார் என்றேன்.

கடைசியாக ஒரு வேலை. தம்பி அந்தப் பழைய வீட்டைச் சித்திரையில் இடிக்கிறான். பேச்சு முடிந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கிணற்றடியில், துவைகல்லுக்கும் தொட்டிக்கும் நடுவில் அந்தக் கல் இன்னும் கிடக்கும். ஜேசிபி வருவதற்கு முன்னால் நீ போய் எடுத்து உன் வீட்டில் வை. நான் வெயிலுக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன். யாராவது பிடித்தால் என் பெயரைச் சொல்லிவிடாதே, ஏற்கெனவே ஒரு தொட்டியில் மாட்டியவன்.

மக்ரூன் கால் கிலோ வாங்கி வை. செல்விக்குத் தெரிய வேண்டாம்.

உன்
கணேசன்