6.1

பாளையங்கோட்டை

ஏட்டி கோமு,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. உன் இரண்டு கடிதமும் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதாம், எங்கள் தெருவில் ஒரு தூறல்கூட இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டெஸ்ட் டியூப் சிகிச்சையில் கருவை உள்ளே வைப்பார்களே, அந்த டிரான்ஸ்ஃபரைப் போன செவ்வாய்க்கிழமை நிறுத்திவிட்டார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 6.1 எம்.எம். தானாம். ஸ்கேன் எடுத்த பெண் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டே, “லைனிங் ஏறலை” என்று வெளியே நின்ற நர்ஸிடம் கத்தினாள். காத்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகனின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஸ்கேலில் ஆறாவது கோட்டுக்கும் ஏழாவது கோட்டுக்கும் நடுவில் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம்தான் அகலமாக இருந்தது. பத்தாம் வகுப்பில் உன் ஸ்கேலை உடைத்த பாவம்!

‘கரு நன்றாக இருக்கிறதே, வைத்துவிட வேண்டியதுதானே’ என்று கேட்டிருந்தாய். முதலில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தந்து சவ்வை வளர்க்கிறார்கள். அது 7 எம்.எம்.-ஆவது வந்து, ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிந்தால்தான், கரு ஒட்டச் சவ்வைத் தயாராக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைத் தொடங்குவார்கள். அதற்கு ஆறாம் நாள், ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைப்பார்கள். 7-க்குக் கீழே போனால் கரு ஒட்டுகிற வாய்ப்பு குறையும். ஆனால் அதற்கும் கீழே இருந்து பிள்ளை பெற்றவர்கள் உண்டு, 10 இருந்தும் தங்காதவர்கள் உண்டு. கருவின் தரமும் நம் வயதும்தான் பெரிய கணக்கு. இதெல்லாம் தெரிந்தும் அந்த எண்ணை நினைத்து ராத்திரியெல்லாம் அழுதேன், அதற்கு என்ன சொல்ல?

அத்தை தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டுத் தருகிறார்கள். கர்ப்பப்பைக்கு பலமாம். சவ்வு ஏறவில்லை, ரவிக்கை இறுக்குகிறது.

கோமு, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். 2019-இல் கலைந்தபோது இரண்டு தடவை சுத்தம் செய்தார்களே, நீகூட ராத்திரி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அப்போது சுரண்டியதில் உள்ளே தழும்பு விழுந்து ஒட்டியிருக்கலாமாம். அந்த இரண்டாவது தடவை அவசியமா என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. இப்போது ஹிஸ்டராஸ்கோப்பி செய்து, சின்னக் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். ஒட்டல் இருந்தால் அப்போதே பிரித்துவிடலாமாம். காசநோய்க்கும் சோதனை எழுதியிருக்கிறார்கள். அது கர்ப்பப்பையிலும் வருமாம். அத்தையிடம் மூச்சு விடவில்லை, அப்புறம் என் தட்டையே தனியாக வைத்துவிடுவார்கள்.

ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டைப் பிரித்து உள்ளே விடும் பி.ஆர்.பி. பற்றியும் பேச்சு வந்தது. நிச்சயம் பலன் தருமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். ஆதாரம் இன்னும் போதாது என்றார்கள். அந்த நேர்மைக்காகவே மறுபடி அங்கேதான் போகிறேன்.

உறையவைத்த கரு மூன்றும் ஆஸ்பத்திரியில் மைனஸ் 196 டிகிரியில் சௌக்கியம். இந்த வெக்கையில் நம் வீட்டில் குளிராக இருப்பது அதுகள் மட்டும்தான்.

ஆனித் தேருக்கு வருவேன் என்றாயே, அதைத் தள்ளிப்போட்டு 20-ஆம் தேதிக்கு வா. அன்றைக்குத்தான் ஹிஸ்டராஸ்கோப்பி. இவருக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வருவது உனக்குத் தெரியும். களி இருக்கிறது, பாதி உனக்கு.

உன்,
பேச்சி