காஞ்சனபுரி போய் வந்த மாணவிக்கு யாருமே சொல்லவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் ‘என் முதல் வெளிநாட்டுக் கல்விப் பயணம்’ என்ற கட்டுரையைப் படித்தேன். படிவம் நான்கு மாணவி ஒருவர், பள்ளி வரலாற்றுக் கழகத்தோடு தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய் வந்ததை எழுதியிருந்தார். கடப்பிதழில் முதல் முத்திரை விழுந்த மகிழ்ச்சி, குவாய் ஆற்றுப் பாலத்தில் எடுத்த படம், பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது தோழிகள் போட்ட கூச்சல் எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. பிள்ளைக்கு நல்ல தமிழ்.

நடுவில் ஒரு வாக்கியம்: ‘பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளின் ரத்தத்திலும் வியர்வையிலும் உருவானது இந்த ரயில் பாதை.’ அவ்வளவுதான், அடுத்த பத்தியில் மதியச் சாப்பாடு வந்துவிடுகிறது. போதாததற்கு அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. வழிகாட்டி சொன்னதை எழுதியிருக்கும். கூடப் போன ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பியவர் என்ன செய்தார்? ஒரு தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்தில், அதுவும் மலேசியாவில், ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-லிருந்து 1943 அக்டோபர் 17 வரை ஜப்பான் ராணுவம் ஆட்களை வைத்துப் போட்ட பாதை அது, தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில். அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அதில் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மை நம் தோட்டத்துச் சனம். கைதிகளின் சாவுக்குச் சரியான கணக்கு இருக்கிறது, நம் ஆட்களுக்கு ‘ஏறக்குறைய’தான். பட்டியல் வைத்திருந்தால்தானே எண்ணுவதற்கு.

என் அப்பா அந்த ‘ஏறக்குறைய’விலிருந்து தப்பி வந்தவர். சித்தப்பா அதிலேயே இருக்கிறார். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியை வைத்தே ஜப்பான்காரர்கள் பெயர் எழுதினார்களாம். பான் போங் வரை சரக்குப் பெட்டியில் நின்றபடி. அப்புறம் மழைக்காட்டில் நடை. பாதையோரத்து நீக்கே முகாமில் காலரா வந்தபோது அண்ணனும் தம்பியும் ஒரே கொட்டகையில் படுத்திருக்கிறார்கள். கைதிகளுக்கும் மருந்து கிடையாது, உண்மைதான். ஆனாலும் ஆஸ்திரேலியர் டன்லப் போன்ற ராணுவ டாக்டர்கள் கூடவே கிடந்து, மூங்கில் குழாயைக் கொண்டாவது வைத்தியம் பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு டாக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. அப்பாவின் இடது கெண்டைக்காலில் பழைய புண் ஆறிய குழி ஒன்று, கட்டைவிரல் நுழையும் ஆழத்துக்கு இருந்தது. மூங்கில் சிராய்ப்பில் தொடங்கிய புண். கடைசி வரை மழை பெய்தால் அதில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சித்தி பல வருடம் பொட்டை அழிக்கவில்லை. முகாமைக் காலி செய்து விரட்டியபோது அப்பா கடைசியாகத் தம்பியை உயிரோடுதான் பார்த்திருக்கிறார். இறந்தார் என்று யார் சொல்வது, எந்தத் தேதியில் என்று சொல்வது? திதி தெரியாததால் பாட்டி ஆடி அமாவாசையில் படையல் போட்டார். எங்கள் லயத்தில் அப்படிப் படையல் போட்ட வீடு எங்கள் வீடு மட்டுமில்லை.

இதையெல்லாம் முன்பே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு அக்டோபர் 17-ஐ ஒட்டி இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். ‘மரண ரயில் தியாகிகளை நினைவுகூர்வோம்’ என்று நான்கு வரியில் சுருக்கிப் போட்டீர்கள், அதன் பக்கத்திலேயே ஒரு பிரமுகரின் பிறந்தநாள் வாழ்த்து முக்கால் பக்கத்துக்கு இருந்தது. இட நெருக்கடி என்றார் உங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தவர், மரியாதையாகத்தான் பேசினார்.

பத்திரிகையை மட்டும் சொல்லிப் பயனில்லை. இழப்பீடு வாங்கித் தருவதாக ஒரு சங்கத்தார் வந்து, பாரத்தில் அப்பாவின் கைரேகையை எடுத்து, ஒரு படமும் பிடித்துக்கொண்டு போனார்கள். பாரம் என்ன ஆயிற்று என்று கேட்கப் போனால் அந்த அலுவலகத்தில் கைப்பேசிக் கடை நடக்கிறது. வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா? 1946-ல் அந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியை அந்நாட்டு அரசுக்கே பன்னிரண்டரை லட்சம் பவுனுக்கு விற்றான். அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தவர்களின் பெண்டாட்டிகளில் என் சித்தியும் ஒருத்தி, காலணா பார்த்ததில்லை. நான் வகுப்பில் நடத்திய வரலாற்றுப் புத்தகங்களில் ஜப்பானியர் சைக்கிளில் வந்து இறங்கிய கதை விரிவாக இருக்கும். தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப்போன கதையை நானாகத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை உண்டு, கோபம் இல்லை. அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் என்ற இடத்தில் 1998-லேயே அவர்கள் அரசு அருங்காட்சியகம் கட்டிவிட்டது. தங்கள் போர்வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே போய் மலர்வளையம் வைக்கிறார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. நானும் போய்ப் பார்த்தேன். புல்லைக்கூட அளவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1990-ல் அதே ஊர்ப்பக்கம் கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வந்தன. அவற்றுக்குப் பெயரும் இல்லை, படைப்பிரிவும் இல்லை.

இன்னொன்று. உங்கள் மாணவி படம் எடுத்துக்கொண்ட அந்தப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, 1944-ல் ஜப்பான் ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிப் பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் உண்டு. கொன்றவனுக்கே தமிழன் செத்தான் என்று எழுதி வைக்கத் தோன்றியிருக்கிறது. இங்கே கோலாலம்பூரில், தமிழ் எழுத்துக் கோத்துப் பிழைக்கும் நமக்குத் தோன்றவில்லை. பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்தப் பாதையை அமைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆசியத் தொழிலாளர்கள் என்றும், அவர்களில் மலாயாத் தமிழர் பல்லாயிரம் பேர் என்றும் ஒரு திருத்தம் போடுங்கள். பிள்ளையின் பெயரைத் திருத்தத்தில் இழுக்க வேண்டாம், மனம் சுருங்கிவிடும். பெட்டி கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம்.

அப்புறம், அந்தப் பள்ளியின் வரலாற்றுக் கழகப் பொறுப்பாசிரியரிடம் தயவுசெய்து ஒன்று சொல்லிவிடுங்கள். போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களுக்கான நினைவிடமும் தமிழர்களுக்காக அண்மையில் நட்ட நடுகல்லும் அந்த வளாகத்தில்தான். அடுத்த ஆண்டுக் குழு அங்கே அரைமணி நேரம் நின்றுவிட்டு வரட்டும். கல்லறையிலிருந்து நடந்தே போய்விடலாம், பேருந்தைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
தெலுக் இந்தான், பேராக்.

பி.கு.: இக்கடிதத்தைச் சுருக்குவதானால், சித்தியைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள், மற்றதை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள்.